பாதியில நின்ன செல்லு

துபாய்ல ஏசி மாட்டுற வேலை மணிகண்டராஜுக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல சாத்தூருக்கு வீடியோ கால் போட்டா, அவங்கம்மா பாண்டிலட்சுமி மூணு நாளா மோட்டுவளையத்தான் காட்டுறா. "தங்கச்சி எங்கம்மா?"ன்னா, "தூங்குதாலே."

அன்னைக்கு அவ கையிலருந்து போன் நழுவிருச்சு. வாசல் நெலையில வேப்பங்கொல. பாயில தங்கச்சி ஞானசுந்தரி, மொகமெல்லாம் கொப்புளம். மூச்ச இழுத்து இழுத்து விடுதா.

"அம்மையாம்மா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கலயா?"

"வாய அடக்குலே. ஆத்தா வந்த வீட்ல ஊசின்னு பேசுவியா? தண்ணி ஊத்துனா எறங்கிருவா. ஊருல யாருக்குத்தான் வரல?"

போன லீவுல, வாய்ப்புண்ணும் மருவும் விடாம வருதேன்னு மதுரைக்குத் தங்கச்சியக் கூட்டிட்டுப் போனது அவன்தான். அவ வெளிய மாத்திரை வாங்க நிக்கையில டாக்டரம்மா சொன்னாக: "எலும்பு மஜ்ஜைல பொறக்குற ஒரு செல்லு, வைரஸ் ஏறுன செல்லத் தேடிக் கொல்லும். இவளுக்குப் பொறக்குது, முத்த மாட்டேங்குது. அம்மை வந்தா அன்னைக்கே தூக்கிட்டு வாங்க."

மாப்ள வீட்டுக்காரக அவளப் பொண்ணு பாத்துட்டுப் போன சமயம் அது. அவன் எல்லார்ட்டயும் "சத்துக் கொறவு"ன்னுட்டு, ரிப்போர்ட்டத் துபாய்க்கே கொண்டு போய்ட்டான். தங்கச்சிட்டயும் சொல்லல.

இப்பச் சொன்னான். பாண்டிலட்சுமிக்கு வெளங்கல.

"பட்டாசுக் கம்பெனில நீ திரி வைக்காம வெடிய அனுப்புனா என்னம்மா ஆகும்?"

"வெடிக்காது."

"அவ ஒடம்புல காவலுக்கு இருக்குறதெல்லாம் அப்படித்தாம்மா. பாதியில நின்னுருச்சு."

பாண்டிலட்சுமி, "இத ஏம்லே அன்னைக்கே சொல்லல?"ன்னா. வேப்பங்கொலயத் தாண்டி, பக்கத்து வீட்டு அய்யாதுரை ஆட்டோவக் கூப்பிட ஓடுனா.

விருதுநகர் ஆஸ்பத்திரில, "முன்னாடி ஏதும் நோய் உண்டா?"ன்னு நர்சு கேக்க, பாண்டிலட்சுமி போன நீட்டுனா.

"இவன்ட்டக் கேளுங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாது."

அவன் சொல்லி முடிச்சதும் டாக்டர் போன வாங்கினாரு. "மொத நாளே மருந்து ஏத்திருக்கலாம் தம்பி. இப்ப அம்மை நுரையீரல்ல எறங்கிருச்சு."

சாயங்காலம் மூச்சுக்குக் கொழா வச்சிட்டாக. பாண்டிலட்சுமி போன மக காதுல வச்சா. "கேக்குமாம். பேசுலே."

துபாய்ல, கட்டடத்து மொட்டை மாடியில, சூடு அடங்காத தரையில குந்தி உக்காந்து, டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னத ஒண்ணு விடாம தங்கச்சிட்டச் சொன்னான்.