ஒரே மூச்சில் மழைநீர்க் குழாய்

எழுந்தான். பல் தேய்த்தான். பால் பொங்குவதற்கு முன் அடுப்பை அணைத்தான். நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு டச்சுப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து விற்கும் சின்ன நிறுவனம் அது. குரல் அவன் மனைவியுடையது. அவள் பேசிய நீளச் சொற்களை அசை பிரித்து, அழுத்தம் எங்கே விழுகிறது என்று குறிப்பது அவன் வேலை. அவளுடைய கடைசிப் பதிவை மட்டும் அவன் இன்னும் திறக்கவில்லை. அன்று அவனுக்கு விடுப்பு. பதிவின் நடுவே அறையை விட்டு வெளியே போனவள் நடைவழியிலேயே சரிந்து இறந்துபோனாள்.

"கடைசியா உங்க பேரைத்தான் மாப்ள சொல்லிருப்பா" என்பார் மாமியார். அவனும் தலையாட்டுவான். அது உண்மையாக இருக்கவேண்டுமே என்று ஆசை. இல்லையென்றால் என்ன செய்வது என்று பயம்.

ஒலிப்பதிவு செய்யும் நண்பன் வந்து மேசையில் சாய்ந்தான். "மச்சான், புதுக் குரல் வருது. பழசையெல்லாம் சாயந்திரம் அழிச்சிடுவாங்க. தங்கச்சியோட கடைசிப் பதிவு, இது ஒண்ணை நான் வெட்டவே இல்ல. நீயே கேட்டுடு."

"என்ன வார்த்தை?"

"மழைத்தண்ணி இறங்குற குழாய். அதுக்குப் போய் எவ்வளவு நீளம் வச்சிருக்கான் பாரு, கூட்ஸ் வண்டி தோத்துடும்!"

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டான். நீளச் சொல்லை அவள் எப்போதும் வாலிலிருந்துதான் கட்டுவாள். 'பெய்ப்' என்றாள். குழாய். அழுத்தம் முழுக்க அதன்மேல். வடிகாலுக்கான 'அஃப்ஃபூர்' முன்னால் வந்து நின்றதும் அழுத்தம் 'அஃப்'புக்குத் தாவியது. தண்ணீருக்கான 'வாடர்' வந்ததும் 'வா'வுக்கு. பிறகு மழைக்கான 'ரேகன்' தலையில் சேர, ஒரே மூச்சில் முழுச்சொல்: ரே-கன்-வா-டர்-அஃப்-ஃபூர்-பெய்ப். பாரமெல்லாம் முதல் அசையில். மற்றவை குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒன்றுகூட நசுங்காமல் அதன் பின்னால் வந்தன. இந்த மாதிரிச் சொற்களுக்கு எத்தனையோ கோடு போட்டிருக்கிறான். காது கொடுத்தது இன்றுதான். ஒரு மனுஷியின் மூச்சுக்குள் இவ்வளவு இடமா?

சொல் முடிந்ததும் வெட்டிவிட வேண்டும். அதுதான் அங்கே முறை. விரல் விசைமேல் நின்றது. அழுத்தவில்லை, ஓடவிட்டான்.

நாற்காலி நகர்ந்தது. அவள் சிரித்தாள்.

"யப்பா, முழுசா வந்துடுச்சுண்ணே! இருங்க, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."