விருந்துக்குப் பணம் கொடுத்தவர்

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வளர்ச்சி வங்கி ஒன்றில், சீனா இன்னும் ஏழை நாடுதான் என்று வாதாடுவது தெஷெங்கின் உத்தியோகம். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறார். நாடு வளர வளர வேலை கஷ்டமாகிக்கொண்டே போனது, பாவம். இந்த வருஷம் சீனா அங்கே கடனும் கேட்டது, துணைத்தலைவர் பதவியும் கேட்டது. இரண்டு மனுவிலும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கடன், அவர் பிறந்த கான்சு மாகாணத்து மலையூருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட. மாகாண அதிகாரிகளைக் கேட்டால் வங்கியைக் கேள் என்றார்கள். இதை விட்டால் வேறு வழியே இல்லை. அறுபத்துமூன்று வயது அக்கா குயிஃபாங் இன்னமும் பள்ளத்திலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கிறாள். வங்கியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்த அன்று காலையில் போனில் எச்சரித்திருந்தாள்.

"டேய், உன் பவுசை எல்லாம் காட்டாதே. இன்னிக்கு ஒரு நாள் ஏழையா இருந்து தொலை."

ஆய்வுக்கு வந்த நார்வேக்காரி ஹௌகன், ஊரைப் பார்த்து மனம் இளகியிருந்தாள். மாலை மாகாணத் தலைநகர் லான்ஜோவில் அவளுடைய குழுவோடு சாப்பாடு.

"இன்னிக்கு எங்க செலவு. தகராறு பண்ணாதீங்க," என்றாள் ஹௌகன்.

"சரிங்க மேடம்," என்றார் தெஷெங். உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் ஆட்டுக்கறி வந்தது. பக்கத்து மேசையில் பில்லை நான் கொடுக்கிறேன், நீ கொடுக்காதே என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். சொந்த மாகாணத்தில் விருந்தாளி காசில் சாப்பிட்டுவிட்டு எந்த முகத்தோடு வெளியே போவது? "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்," என்று எழுந்தவர், கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டு வந்து தேநீர் குடித்தார்.

ஹௌகன் திகைத்தாள். "பதினோரு பேருக்குமா?"

"அட, இதெல்லாம் எங்களுக்கு ஒரு செலவா மேடம்?"

சொன்ன பிறகுதான் அக்காவின் எச்சரிக்கை அவருக்கு நினைவுக்கு வந்தது. அவள் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பதவி உண்டு, கடன் இல்லை. காரணம்: நாடு இனி கொடுக்கும் இடத்தில் இருக்கிறது, சீனப் பிரதிநிதியே விருந்தில் ஒப்புக்கொண்டார். பெய்ஜிங் அலுவலகத்தில் கைதட்டி அவருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். தெஷெங்குக்கு அழுகையாக வந்தது.

"குழாய் எப்படா வரும்?" என்றாள் அக்கா, போனில்.

"வராதுக்கா. நாம பெரிய ஆளாயிட்டோமாம். எழுதியே கொடுத்துட்டாங்க."



"சரி, அந்தப் பெரிய ஆளைக் கொஞ்சம் இங்க வரச் சொல்லு. எனக்கு இடுப்பு முடியலை. இன்னும் ரெண்டு வாளி தூக்கணும்."