நாலாவது மாடியிலிருந்து இறங்கிய பீரோ

வீடு மாற்றிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் போன் எடுப்பவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சுமை தூக்குகிறவர்களில் இரண்டு பேர் அவளுக்குச் சொந்தம். ஒருவன் புருஷன், இன்னொருவன் கூடப் பிறந்த தம்பி. புருஷனுக்கு அங்கே வைத்த பெயர் யானை. மெதுவாக நடப்பான், மெதுவாகக் கோபப்படுவான், கோபம் வந்துவிட்டால் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டான். தம்பிக்குப் பெயர் பட்டாசு. அவனுக்குத் திரி கொளுத்தக்கூட வேண்டாம், வெயில் பட்டாலே போதும்.

அடிதடி அங்கே புதிதில்லை. முதலாளியே கை நீட்டுகிற ஆள். ஒரு டம்ளர் உடைந்தால் பிடரியில் ஒன்று விழும். தாமதமாக வந்தால் மேஜைமேல் கைக்கு எது அகப்படுகிறதோ அது பறந்து வரும். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே ரிசீவரோடு குனிந்து ரிசீவரோடு நிமிர அக்கா பழகியிருந்தாள். குரலில் ஒரு பிசிறு தட்டாது. முதலாளியிடம் வாங்கியதை வேலையாட்கள் குடோனுக்குப் போய் ஒருவர்மேல் ஒருவர் இறக்கி வைத்தார்கள்.

பழைய சூப்பர்வைசர் முதுகெலும்பு நகர்ந்து படுத்துவிட்டார். அந்த வாரம் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி வீடு ஒன்று காலியாகிறது, யானை பட்டாசு இரண்டு பேரில் எவன் சாமானைக் கீறல் விழாமல் இறக்குகிறானோ அவன்தான் இனி சூப்பர்வைசர். இரண்டு கடாவை முட்டவிட்டு வேலிமேல் உட்கார்ந்து பார்க்கிற புத்தி அவருக்கு என்பது அக்காவுக்குத் தெரியும். இரண்டு பேரையும் வேறு வேறு லாரியில் அனுப்பும்படி தனியாகப் போய்க் கேட்டுப் பார்த்தாள். குடும்பமாக இருந்தால் ஒற்றுமையாகத் தூக்குவார்கள் என்றார். அதோடு அவளையும் சாமான் பட்டியல் எழுத வரச் சொல்லிவிட்டார்.

வீட்டில் மூன்று நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தம்பி அவர்கள் வீட்டு முன்னறையில்தான் படுக்கிறவன். சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட அவளைக் கூப்பிட்டு, நடுவில் இருக்கிற உப்பை எடுத்துத் தரச் சொன்னார்கள்.

அன்று காலை பத்து மணிக்குள் கட்டிலும் மேஜையும் இறங்கிவிட்டன. பிறகு பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி வைத்த பழைய இரும்பு பீரோ. யானை கீழ்ப்பக்கம், பட்டாசு மேல்பக்கம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டு முதலாளி இரண்டு பேரையும் மாற்றி மாற்றி வைதுகொண்டிருந்தார். அக்கா மேலே வாசலில் நோட்டும் கையுமாக நின்றாள்.

பாதிப் படியில் யானை சாய்க்கப் பார்த்தான். பட்டாசு தூக்கச் சொன்னான்.

"மாமா, நான் சொல்றபடி கேளுங்க."

"உன் பேச்சைக் கேக்கற நிலைமை எனக்கு இன்னும் வரலை மச்சான்."

"எங்க அக்கா சம்பளத்துல வயித்தைக் கழுவுற ஆளுக்கு சூப்பர்வைசர் வேலை ஒரு கேடா?"

யானை பீரோவைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒரு கையை எடுத்தான், அதன் ஓரமாக எட்டி மச்சானின் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தான். தம்பியின் வாய் இரும்பு விளிம்பில் போய் மோதிய சத்தம் அக்காவுக்கு மேலே கேட்டது. முன்பல் இரண்டு படியில் விழுந்து உருண்டன. தம்பி ரத்தத்தைத் துப்பினான், பிடியை விட்டான், காலைத் தூக்கி பீரோவை ஒரே உதை உதைத்தான்.

யானை சுவரோரம் ஒதுங்கினான். ஒரு கால் மட்டும் ஒதுங்கவில்லை. காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்தது. பீரோ அவனைத் தாண்டி எட்டுப் படி சறுக்கிப் போய், அடுத்த வசவுக்கு வாயைத் திறந்த முதலாளியைச் சுவரோடு சேர்த்து அப்பியது. கண்ணாடி அவர் தலைமேல் கொட்டியது.

இத்தோடு நின்றிருந்தால் விபத்து என்று சொல்லியிருக்கலாம். தம்பி பாய்ந்து மாமாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்த ஆரம்பித்தான். உடைந்த காலோடு கிடந்தவன் இரண்டு கையாலும் அவன் குரல்வளையை நெரித்தான். அக்கா ஓடி வந்தபோது தம்பியின் முகம் கறுத்துக்கொண்டிருந்தது, புருஷனின் ஒரு கண்ணைக் காணோம், அவ்வளவு வீக்கம். இரண்டு பேரையும் கூப்பிட்டாள். காதில் ஏறவில்லை. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் பின்னால் வீசிய முழங்கை அவள் மூக்கை உடைத்தது.

கனமான சாமானை நகர்த்துகிற உருட்டுக்கட்டை ஒன்று கைப்பிடிச் சுவரில் சாய்த்திருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. முதல் அடி தம்பியின் மணிக்கட்டில், இரண்டாவது புருஷனின் தோளில். பிடி விட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சரிந்தார்கள். சரிந்த பிறகும் அடி விழுந்தது. மூன்றோ நாலோ, யாருக்கு எத்தனை என்று எண்ணவில்லை. இத்தனை வருஷம் குனிந்து குனிந்து நிமிர்ந்ததெல்லாம் கையில் வந்து இறங்கியது. இந்தப் பகுதியை அவள் போலீஸிடம் சொல்லவில்லை. மற்ற இரண்டு பேரும் சொல்லவில்லை.

பிறகுதான் பீரோவுக்கு அடியிலிருந்து முனகல் கேட்டது. லாரியில் இருந்தவர்கள் ஓடி வந்து, எதைத் தொடுவது என்று தெரியாமல் விழித்தார்கள். அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

"கால் பக்கம் ரெண்டு பேர் போங்க. நான் சொன்னப்புறம்தான் தூக்கணும். இழுக்கக் கூடாது."

கட்டை இன்னும் அவள் கையில் இருந்தது. சொன்னபடி தூக்கினார்கள்.

முதலாளிக்கு இடுப்பெலும்பு போயிற்று. கம்பெனிக்கு வழக்கு எதுவும் வந்துவிடக் கூடாதென்று, படி வழுக்கியதாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே எழுதிக் கொடுத்தார். அவர் மனைவி ஆபீசுக்கு வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு யார் சொல்லி அவர்மேலிருந்து பீரோவைத் தூக்கினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எல்லா விரலும் ஒரே பக்கம் திரும்பின. அடுத்த நாளே அக்கா சூப்பர்வைசர். முதலாளி இப்போது வீட்டில் ஊன்றுகோலோடு இருக்கிறார். ஒருநாள் கோபத்தில் டிவி ரிமோட்டை எறிந்தாராம். அது போன வேகத்தில் திரும்பி வந்ததாம். அதற்கப்புறம் எறிவதில்லை என்று கேள்வி.

யானைக்குக் காலில் கம்பி வைத்தார்கள். இனி சுமை தூக்க முடியாது என்றதும் போன் நாற்காலி அவனுக்கு வந்தது. அவன் பேசுகிற நிதானத்தில், கத்துவதற்கென்றே கூப்பிடுகிறவர்கள் களைத்துப்போய் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்கள். தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. போட்டிக் கம்பெனி ஒன்றில் டிரைவராகச் சேர்ந்துவிட்டான். அவள் போன் செய்தால் எடுப்பதில்லை. அவனைத் தூக்கி வளர்த்த கைதான் அவன் கையை ஒடித்தது என்ற நினைப்பு, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அவளுக்கு வந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்து அவள் ஆபீசுக்கு வந்தாள். யானை போனைக் காதில் வைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். வாடிக்கையாளரோடு யாரும் அப்படிச் சிரிக்கமாட்டார்கள். அவளைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. ரிசீவரைக் கையால் பொத்தினான்.

"மச்சான்தான். தினம் பேசுவான்."

அடித்துக்கொண்ட இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். விலக்கப் போனவள் வெளியே நின்றாள். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது என்னவோ அப்படியே இறங்கியும் விட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்கிட்ட பேசுவானா கேளுங்க."

கேட்டான். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான், இல்லை என்று.

"கை எப்படி இருக்குன்னு கேளுங்க."

"முழுசா மடங்கலையாம். வண்டி ஓட்ட அது போதுமாம்."

"சாப்பாடு?"

அவன் போனில் கேட்டான். அவள் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, அதன் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.