குடைக்காரர் போட்ட ஓட்டு

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் வீட்டில் வாளி கிடையாது. வாங்க வக்கில்லாமல் இல்லை. வாளி எதிர்க்கட்சியின் சின்னம். குளிக்க ஒரு பிளாஸ்டிக் டிரம், துணி ஊறவைக்கப் பழைய பெயிண்ட் டப்பா, தரை துடைக்க அடி நசுங்கிய ஒரு பாத்திரம் என்று நாற்பது வருஷமாகக் குடித்தனம் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாணமான புதிதில் மனைவி விவரம் தெரியாமல் ஒரு வாளி வாங்கி வந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் அது பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் கொள்கைக்கு என் இடுப்பு ஒடிகிறது என்று அந்த அம்மாள் தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிப் பார்ப்பார். மெக்கானிக் காதில் வாங்கமாட்டார்.

அவர் குடைக் கட்சி. தெருவில் குடைக்காரர் என்று விசாரித்தால்தான் அவரைத் தெரியும். அவர் கைபட்ட ஃபிரிட்ஜ் எதுவானாலும், கதவின் உட்பக்கம் முட்டை அடுக்குகிற இடத்துக்கு மேலே குடை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக்கொண்டுதான் வீடு திரும்பும். வாளிக் கட்சிக்காரர்களும் பால் எடுக்கக் கதவைத் திறந்தால் குடை முகத்தில்தான் விழிக்க வேண்டும். வேலை சுத்தம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனார்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்தது பதினெட்டு வயதில். அப்போது வாளி ஆட்சி. அவர் படித்த தொழிற்பள்ளியின் விடுதியில் தண்ணீர் வரவில்லை; குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறியது. பையன்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், போலீஸ் வந்தது, இவருக்கு இடது தோள் எலும்பு முறிந்தது. மறுநாள் குடைக் கட்சியின் இளம் தலைவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து பேரைக் கேட்டார். போகும்போது வாசலில் நின்று, அந்தப் பேரைச் சொல்லி, வருகிறேன் என்றார். அவ்வளவுதான், ஆள் ஆயுளுக்கும் விழுந்தாச்சு.

அதற்குப் பிறகு நடந்த கூத்தையெல்லாம் பார்த்து வேறொருவனாக இருந்தால் சாமியாராகப் போயிருப்பான். அந்த இளம் தலைவர் சில வருஷத்தில் வாளிக்குத் தாவி மந்திரியானார். தடியடிக்கு உத்தரவு போட்ட போலீஸ் அதிகாரி ரிட்டையரானதும் குடைக் கட்சியில் சேர்ந்து எம்.பி. ஆனார். ஜெயித்த அன்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவர்களில் நம் மெக்கானிக்கும் ஒருவர். வலது தோளில் தூக்கினார். இடது தோள்தான் பாரம் தாங்காதே. குடை எதிர்த்த வரிகளைக் குடையே போட்டது. வாளி பேசியதைக் குடை பேசியது, குடை பேசியதை வாளி பேசியது. மெக்கானிக் அசையவில்லை. ஆட்கள் வேறு, கட்சி வேறு என்பார். ஆளும் மாறி, கொள்கையும் மாறின பிறகு மிச்சமிருக்கிற கட்சி எது என்று யாராவது கேட்டால், காலரை விலக்கித் தோளைக் காட்டுவார். கேட்டவர் வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள் வாளிக் கட்சி. மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் பிடித்தது பதினெட்டில்தான். அப்போது குடை ஆட்சி. பரீட்சைக் கேள்வித்தாள் வெளியாகி, மறுபடியும் வெளியாகி, கடைசியில் இந்த வருஷம் பரீட்சையே இல்லை என்று கையை விரித்தார்கள். மருந்தாளுநர் படிப்புப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், போலீஸ் வந்தது. சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து மகளை ஸ்கூட்டரில் கூட்டிவந்த மெக்கானிக் வழி நெடுகச் சொன்னது ஒன்றுதான்: நம் ஆட்சியில் போலீஸ் காரணமில்லாமல் கை வைக்காது.  அவள் அடுத்த வாரமே வாளிக் கட்சியில் சேர்ந்தாள். இன்றுவரை அவள் வீட்டில் குடை கிடையாது. மழைக்காலத்தில் கடைக்கு நனைந்துகொண்டே வந்து, தான் விற்கிற ஜலதோஷ மாத்திரையைத் தானே விழுங்குவாள். அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

இந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் இரண்டு கட்சிகளும் கூட்டணி வைத்தன. எங்கிருந்தோ முளைத்த மூன்றாவது கட்சியைப் பார்த்து இரண்டுக்கும் பயம் பிடித்துவிட்டது. மேடையில் அதற்கு வரலாற்றுத் தேவை என்று பெயர் வைத்தார்கள். மேயர் பதவி குடைக்கு, மெக்கானிக் இருக்கிற வார்டு வாளிக்கு என்று பங்கு பிரிந்தது. வார்டின் வாளி வேட்பாளர் மெக்கானிக்கின் மகள்.

செய்தி வந்த அன்றே அவள் பட்டறைக்கு வந்தாள். அப்பாவிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷம் நான் கேட்டதில்லப்பா. இப்ப உங்க கட்சியே போடச் சொல்லுது. எப்படியும் ஜெயிச்சிருவேன், அது இல்ல விஷயம். உங்க ஓட்டு எனக்கு வேணும்."

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தியமாகப் போடுகிறேன் என்றார். சொன்ன நேரத்தில் அது பொய்யில்லை.

பிரச்சாரத்துக்கும் போனார். நோட்டீஸின் ஒரு பக்கம் மேயருக்குக் குடை, மறுபக்கம் வார்டுக்கு வாளி. குடை மேலே தெரியும்படி மடித்து மடித்துக் கொடுத்தார். வார்டுக்கு எது என்று கேட்டவர்களிடம், திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வாளி என்ற சொல் அவர் தொண்டையைத் தாண்டவில்லை. மகளும் ஜீப்பில் இரண்டு கொடிகளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினாள்; குடைக் கொடி கட்டிய பக்கம் மட்டும் திரும்பாமல் நின்றாள்.

ஓட்டுப்பதிவன்று தடுப்புக்குப் பின்னால் இரண்டு மெஷின்கள் இருந்தன. மேயருக்கான மெஷினில் குடையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். அடுத்தது வார்டு. முதல் பெயரே மகளுடையது, பக்கத்தில் சிரித்த முகமாக அவள் படம், அதையடுத்து வாளி. விரலைக் கொண்டுபோனார். விரல் பாதியில் நின்றுவிட்டது. படத்தை மட்டும் பார், சின்னத்தைப் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல வாளிதான் பெரிதாகத் தெரிந்தது. குடை எங்கேயாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழாகத் தேடினார். இருக்காது என்று அவருக்கே தெரியும். இன்னும் சத்தம் வரவில்லை பெரியவரே, அழுத்துங்கள் என்று அதிகாரி குரல் கொடுத்தார். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. மெக்கானிக் கடைசி வரியில் இருந்த தையல் மெஷின் சின்னத்தை அழுத்திவிட்டு, வியர்வையில் சட்டை நனைய வெளியே வந்தார். வாசலில் மகள் நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமல் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

மகள் அமோகமாக ஜெயித்தாள். மேயர் தேர்தலில் குடை கவிழ்ந்தது. தையல் மெஷின்காரர் ஒப்புக்கு மனுப் போட்டு, அதை வாபஸ் வாங்க மறந்து வெளியூர் போய்விட்ட ஒரு பேக்கரி முதலாளி. ஓட்டுப் போடக்கூட அவர் வரவில்லை. வார்டு முழுக்க அவருக்கு விழுந்தது ஒரே ஓர் ஓட்டு, அதுவும் மெக்கானிக்கின் வாக்குச்சாவடியில். அந்தப் புண்ணியவான் யார் என்று கேட்டுக் கேட்டுத் தெருவே சிரித்தது. ஜீப்பில் நின்று கையசைத்துக்கொண்டிருந்த மகள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் பட்டறைக்கு வந்தபோது, மெக்கானிக் ஒரு ஃபிரிட்ஜின் பின்னால் உட்கார்ந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"தையல் மெஷினாப்பா?"

பிரஷ் நின்றது. அவர் வெளியே வரவில்லை.

"கை போகலம்மா. உன் மொகத்தைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். போகல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வார்டே திரண்டு போட்ட ஓட்டு அந்த ஒன்றுக்கு ஈடாகவில்லை. கையில் கிடைத்த கந்தலால் முகத்தைத் துடைத்தாள்; கிரீஸ் கன்னத்தில் ஒட்டியது. மெக்கானிக் எட்டிப் பார்த்தார். தப்பு தன்மேல் இருக்கும்போது எதிராளியின்மேல் பாய்வது நாற்பது வருஷக் கட்சி அனுபவம். மேயருக்கு அவள் யாருக்குப் போட்டாள் என்று திருப்பிக் கேட்டார். குடைக்குத்தானே என்றார். அவள் கந்தலை மடிக்க ஆரம்பித்தாள். பிரஷ்ஷோடு எழுந்து வெளியே வந்தார்.

"போட்டுரலாம்னுதான் போனேன்" என்றாள் மகள். "அந்தக் குடையைப் பாத்ததும் ஸ்டேஷன் ஞாபகம் வந்திருச்சு. எதிர் சுவத்துல பெருசா வரைஞ்சிருந்தாங்க. நீங்க வர்ற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்பா."

மெக்கானிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. இவளைப் போன்றவர்களால்தான் மேயர் பதவி போனது. நம் ஆட்சியில் போலீஸ் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். மகளின் கன்னத்தில் கிரீஸும் கண்ணீரும் கலந்து வழிந்துகொண்டிருந்தன. ஊருக்கெல்லாம் தன் தோளைத் திறந்து காட்டிய மனிதருக்கு, இவளிடம் ஒன்றைக் கேட்காமலே இத்தனை காலம் போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு உன்னை எங்கேம்மா அடிச்சாங்க?"

அவள் கந்தலைக் கீழே வைத்தாள். பிறகு திரும்பி நின்று, பின்னலை ஒதுக்கிப் பிடரியைக் காட்டினாள். மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கிட்டே போய்ப் பார்த்தார்.