ஜெசிந்தாவைத் தட்டிப் பார்த்த சிவப்புக் கார்

தூத்துக்குடியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போனால், வாங்குகிறவர் காருக்கு அடியில் துரு பார்ப்பார். காரும் வாங்குகிறவருக்குத் துரு பார்க்கும். உப்புக் காற்று ரெண்டு பேருக்கும் பொதுதானே? பிறகு ஒருத்தரை மட்டும் சோதித்தால் என்ன நியாயம்! கார் ஒரு தடவை ஹார்ன் அடித்தால் சம்மதம். ரெண்டு தடவை அடித்தால் கொண்டுபோன மக்ரூன் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மூன்று கார்கள் வேண்டாம் என்றுவிட்டால் ஆயுசுக்கும் பின்சீட்டு. அது ஊர் வழக்கம்.

ஜெசிந்தாவை ஏற்கெனவே ரெண்டு கார்கள் வேண்டாம் என்றுவிட்டன. வெள்ளைக் கார் அவள் முழங்காலைக் குறை சொன்னது. நீலக் கார் காரணமே சொல்லவில்லை. அது அப்படிப்பட்ட குடும்பம். உப்புக் கம்பெனி ஆபீசில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் ஜெசிந்தா. கல்யாணம் ஆன நாள் முதல் கணவர் அருளப்பனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். மணப்பாட்டுக்குப் போகிற கடற்கரை ரோட்டை ஒரு தடவையாவது முன்னால் இருந்து, கையில் ஸ்டீயரிங்கோடு பார்த்துவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

மூன்றாவதாகச் சிவப்புக் கார். காரின் தரப்பில் பார்க்க மெக்கானிக் சுயம்பு நின்றிருந்தான். ஜெசிந்தா மக்ரூன் தட்டை பானட்டின் மேல் வைத்தாள்.

"வாங்கக்கா. அண்ணாச்சி வரலியா?"

"வெளிய ஸ்கூட்டர்ல இருக்காக. வேண்டாம்னு ஆச்சுன்னா கூட்டிட்டுப் போகணும்லா."

சுயம்பு அவளை, கார் தூக்குகிற லிஃப்டில் படுக்கச் சொல்லி ஆளுயரத்துக்கு ஏற்றினான். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கீழேயிருந்து தட்டிக்கொண்டே வந்தான். குதிகால் கிண்ணென்று இருந்தது. முழங்காலில் சத்தம் கொஞ்சம் அமுங்கியது. "மேலாப்புலதான் இருக்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போயிரும்" என்றான். இடுப்பு நன்றாகவே இருந்தது. பிடரிக்கு வந்ததும் கை நின்றது.

"அக்கா, இது புதுசா அடிச்ச பெயின்ட்லா?"

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணிவிடலாம். துரு விஷயத்தில் ஒரு பொய்கூடச் செல்லாது. புதுப் பெயின்ட் இருக்கிற இடத்தில்தான் துரு இருக்கும் என்பது ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நாத்தனார் பேச்சைக் கேட்டு நேற்று சாயங்காலம் அடித்தது. பாவி மகள், நல்ல யோசனை சொன்னாள்! ஜெசிந்தாவுக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஆமா தம்பி. முப்பத்தோரு வருஷமா சரிங்க சார், சரிங்க சார்னு தலையாட்டுன இடம். நல்லா சுரண்டிப் பாரு. நானே முதல்ல சொல்லியிருக்கணும்."

சுரண்டினான். சட்டைப் பித்தான் அகலத்துக்குத் துரு இருந்தது. ஓட்டை விழவில்லை என்று காரிடம் சொன்னான்.

இனி அவள் முறை. கார் மேலே ஏறியது. டார்ச்சை அடித்துப் பார்த்தால், அடிப்பாகம் பூராவும் கறுப்புப் பெயின்ட்! தொட்டால் விரலில் ஒட்டியது. "அடி கள்ளி, நீயுமா?" என்று ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். டிரைவர் சீட்டுக்குக் கீழே சுரண்டியபோது கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை தெரிந்தது. கார் அவமானத்தில் ஒரு சொட்டு ஆயில் விட்டது.

"விடு, தகடு வச்சு வெல்டிங் பண்ணிக்கலாம். நானும் அடிச்சு மறைச்சுட்டுத்தானே வந்தேன்?" என்றாள் மெதுவாக.

கார் கீழே இறங்கியது. ஹார்ன் ஒரு தடவை அடித்தது.

ரெண்டாவதும் வருமோ என்று சுயம்பு காதைத் தீட்டிக்கொண்டான். வெளியே அருளப்பன் பழக்கதோஷத்தில் ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டு நின்றாள். ரெண்டாவது ஹார்ன் வரவில்லை. பானட்டில் இருந்த மக்ரூனில் ஒன்று குறைந்திருந்தது. அருளப்பன் ஸ்கூட்டரை அணைத்தார். ஜெசிந்தா அழுதேவிட்டாள்.

முழங்காலுக்கு உப்புத்தாளும் காருக்கு வெல்டிங்கும் முடிய மத்தியானம் ஆயிற்று. இடது சீட்டில் மிச்ச மக்ரூனை மடியில் வைத்துக்கொண்டு அருளப்பன் உட்கார்ந்தார். கடற்கரை ரோட்டில் திரும்பியதும், உப்புக் காற்று அவளுக்கும் காருக்கும் ஆகாது என்று கடல் முந்நூறு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டது. ஜெசிந்தா அதற்கு ஒரே ஒரு தடவை ஹார்ன் அடித்துவிட்டு கியரை மாற்றினாள்.