முட்டுக் கொடுத்த கம்புகள்

கொத்து வேலை செய்யும் பஸீர் பாஸ் கேற்றைத் திறந்துகொண்டு வந்தபோது டொறீன் குசினிக் கதவுக்கு வெளியே நின்று, மிளகுக் கொடியொன்றை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாள். கொடி ஏறியிருந்தது ஒரு முட்டுக்கம்பில். கதவுக்கு மேலே சாரல் அடிக்காதிருக்க வார்த்த கொங்கிறீட் தட்டுக்கு அடியில் பலகையடித்து, அந்தப் பலகையைத் தாங்க நட்ட கம்புகளில் ஒன்று அது. கொங்கிறீட் இறுகியதும் பலகையையும் கம்புகளையும் கழற்றியிருக்க வேண்டிய பாஸ், வில்கமுவையில் அரிசி ஆலை வேலை கிடைத்ததென்று போனவர், இப்போதுதான் திரும்பி வருகிறார். இதற்குள் இரண்டு மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. கம்புகள் சும்மா நிற்கவில்லை. வேர் விட்டு, பக்கவாட்டில் கிளை விட்டு, வீட்டைத் தாங்கிய கையோடு இலையும் வைத்திருந்தன.

“அல்லாஹ்வே!” என்றார் பாஸ். தலைக்கவசத்தைக் கழற்றவும் மறந்துவிட்டார். “இது என்னத்தக்கா? ஊடா, தோட்டமா?”

“ஒங்களுக்கு வழி மறந்து போயிருக்கும்னு அடையாளத்துக்கு நட்டு வச்சேன், பாஸ்.”

காரியம் ஆக வேண்டுமென்றால் டொறீன் அவரை ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவாள். கோபமென்றால் ‘பாஸ்’. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் தலைக்கவசத்தை மெதுவாகக் கழற்றி, அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் அப்பவே சென்னேன் தானே, கிளிசரியாக் கம்பு பச்சையா வாணாம் எண்டு. மாத்தள மண்ணுல அது குச்சியக் குத்தினாலும் மொளைக்கும்.”

சொன்னார்தான். மாத்தளையில் மிளகுக் கொடி படர்வதற்கென்றே நடுகிற மரம் அது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வெட்டி நட்டால் தளிர்க்கும் என்று. ஆனால் டொறீன் பிறந்து வளர்ந்தது மாத்தளை நகரத்தில், வெங்காயமும் கருவாடும் மொத்தமாக விற்ற கடையில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தகப்பனுக்குப் பக்கத்தில் பணப்பெட்டியோடு உட்கார்ந்தவள். எதையும் சொன்ன விலைக்கு வாங்குவது அவள் குடும்பத்தில் ஒரு உடல்நலக் குறைவு. பாஸிடம் கூலியை அடித்து அடித்துக் குறைத்து, கடைசியில் அவர் இரும்பு முட்டு வாடகைக்கு எடுக்க வேண்டும் என்றபோது, “கம்பு நான் தாறேன் நானா, அதையும் கழிச்சிட்டுச் சொல்லுங்க” என்று உக்குவெலையில் நாத்தனாரின் மிளகுத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட கிளைகளை லொறியில் ஏற்றி வந்து இறக்கினாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வெற்றி எவ்வளவு பெரிய தோல்வி என்பது பிறகுதான் விளங்கியது. அவளுடைய அப்பாவின் கடையிலேயே நடந்ததுதான். எலும்பு தெரிய விலை குறைத்தவனுக்கு மூட்டையின் அடியில் கிடந்த வெங்காயம் போகும். பாஸுக்கு ஒரே சமயத்தில் பல வீடுகள். நல்ல கூலி கொடுத்த வீட்டுக்கு நல்ல வெயில் நாள். டொறீன் வீட்டுக்கு மிச்சமாகும் நாள்.

மிச்ச நாட்களில் கட்டுகிற வீட்டில் குடியிருப்பது லேசான வேலையில்லை. அடுப்பு முன்ஹோலுக்கு வந்துவிட்டது. மாதா சுரூபத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் பருப்பு கொதித்தது. எந்தக் கறியிலும் கடைசியில் பல்லில் நறநறவென்று சிமெந்து. பிரசங்க நேரத்தில் கோயிலில் உட்கார்ந்து டொறீன் பின்வளவில் போடப்போகும் தோட்டத்தை மனசுக்குள் நட்டுப் பார்ப்பாள். கிணற்றடியில் ரம்பை, மதிலோரம் கொடித்தோடைப் பந்தல், வெயில் விழும் இடத்தில் கொச்சிக்காய். ஆமென் சொல்லி வீட்டுக்கு வந்தால், கொடித்தோடை இடத்தில் மணல் கொட்டிக் கிடக்கும். ரம்பையை இடம் மாற்றினாள், அங்கே தண்ணீர்த் தாங்கிக்குத் தூண் எழும்பியது. கொச்சிக்காயைத் தள்ளிப்போட்டாள், அங்கே மலக்குழி. வீடு பின்னால் நகர நகரத் தோட்டம் அவள் தலைக்குள் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் குசினிக் கதவுக்கு வெளியே பாய் விரிக்கிற அளவு மண்ணில் வந்து நின்றது. அதில்தான் இந்தக் கம்புகள்.

முதல் தளிரைக் கண்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊர் சிரிக்குமே என்று கிள்ளி எறிந்தாள். மறு கிழமை இரண்டு மடங்காக வந்தது. “வீடு பூக்கப் போகுதுடி” என்று சிரித்தார் ரபாயேல், அவள் புருஷன். அப்புறம் ஒரு மழை விட்ட அந்தியில் என்ன நினைத்தாளோ, நாத்தனாரிடம் மிளகுக் கன்றுகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு கம்பின் அடியிலும் வைத்தாள். காய்க்க வருஷங்களாகும். காய்த்தாலும் கடைத்தெருவில் ஒரு கைப்பிடி வாங்குவதே லாபம். அவளுக்குக் கணக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் காலையில் பிளேன்டிக் கோப்பையோடு வந்து, கொடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள்; அந்த வீட்டில் அவள் சொல்லாமலே நடந்துகொண்டிருந்த ஒரே வேலை அது ஏறுவதுதான்.

பாஸ் கம்புகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து அளவு நாடாவை இழுத்தார். பலகையை அளப்பாரென்று நினைத்தாள். அவர் நாடாவின் நுனியைக் கதவுப் படியில் வைத்துவிட்டு மதில்வரை நடந்தார்.

“என்னத்த அளக்குறீங்க?”

“வளவத்தான். இன்டர்லொக் கல்லுப் பதிக்க.” அவள் முகத்தைப் பார்த்ததும் நாடா சர்ரென்று உள்ளே ஓடியது. “மாத்தயா செல்லல்லயா?”

பாஸ் மாத்தயா என்று மரியாதையாகச் சொல்லும் ரபாயேல் முன்ஹோலில் ரேடியோவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எப்போது வருமென்று ஊருக்கே சொன்ன மனுஷன்.

டொறீன் உள்ளே போனாள். “என்னாங்க, முழு வளவுக்கும் கல்லுப் பதிக்கிறதா?”

“ரொமேஷ்தான் சொன்னான். புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்க வாறப்ப சேறும் சகதியுமா இருக்கக் கூடாதாம். வேன் நிப்பாட்டணுமாம்.” ரொமேஷ் அவர்களுடைய மகன். டோஹாவில் வேலை. வீட்டு வேலைக்குக் காசு அனுப்புகிறவன், ஆகவே எதை எங்கே வைக்க வேண்டுமென்று சொல்கிறவனும் அவன்தான்.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ வேணாம்னுவ.”

“அதான் சொல்லலயா?”

“அதான்,” என்றார் ரபாயேல், உண்மையை மறைக்கத் தெரியாமல்.

சண்டை போடலாம் என்று நினைத்தாள். நாக்கு நுனியில் நல்ல நல்ல வார்த்தைகள் வந்து நின்றன. ஆனால் அவற்றை எடுத்து வீச ஒரு தெம்பு வேண்டும். மணலுக்காக ஒரு தடவை, தாங்கிக்காக ஒரு தடவை, குழிக்காக ஒரு தடவை அந்தத் தெம்பைச் செலவழித்தாகிவிட்டது. வெளியே வந்து, மழையில் நனைந்து கல்லாய்ப் போன ஒரு சிமெந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

பாஸ் பெயர்த்தெடுக்க அலவாங்கு இரும்பை முதல் கம்பின் அடியில் வைத்திருந்தார்.

“நானா.”

அவர் நிமிர்ந்தார். ‘நானா’ வந்துவிட்டதே என்ற பயம் கண்ணில் தெரிந்தது.

“கம்பப் புடுங்க வேணாம். தலையில கொஞ்சம் அறுத்துவிடுங்க, பலக தானா வந்துடும். கம்பு நிக்கட்டும். கல்லப் பதிக்கிறப்ப இந்த வரிசைய விட்டுட்டுப் பதிங்க.”

“ஏலாக்கா. வேர் அத்திவாரத்துக்குள்ள போகும். நாளைக்குச் சொவரு வெடிச்சா என்னையத்தான் செல்லுவீங்க.”

“நீங்க பூசின சுவரு வெடிக்க வேர் வேற வரணுமா?”

பாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “வெட்டி வெட்டிப் பதிக்கோணும். கரச்சல் புடிச்ச வேல. கூலி கூடும்,” என்று ஒரு விலை சொன்னார். பாதியாகக் குறைப்பாள் என்று தெரிந்தே இரட்டிப்பாகச் சொன்ன விலை.

“சரி,” என்றாள் டொறீன்.

பாஸ் காத்திருந்தார். பேரம் வரவில்லை. அவர் கம்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், திரும்பவும் அவளைப் பார்த்தார்.

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே, அக்கா?”

“இல்ல.”

“செல்லுங்க, நீங்க எவ்வளவு தருவீங்க?”

“அதான் சரின்னு சொல்லிட்டேனே.”

அவருக்கு நிம்மதியில்லை. இந்த வீட்டில் விலை பேசாமல் வேலை செய்தால் ஏதோ திருடியது போலிருக்கும். “சரி, சரி, பழைய கூலிக்கே செஞ்சு தாறேன்,” என்று தானாகவே இறங்கி வந்து, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட கோபத்தோடு ஏணியை எடுத்தார். “மாத்தயாவுக்கும் மகனுக்கும் நீங்கதான் பதில் செல்லோணும். என்னைய இழுக்காதீங்க.”

உள்ளே ரபாயேல் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

வாள் ஓடியது. ஒவ்வொரு கம்பின் தலையிலிருந்தும் வட்டமாய் ஒரு துண்டு விழுந்தது. கொங்கிறீட் தட்டு தன் பாட்டில் அந்தரத்தில் நின்றது. கடைசிக் கம்பு முடிந்ததும் பாஸ் ஏணியில் நின்று பலகையை நெம்பினார். ஒரு பக்கம் இறங்கிய பலகை பாதியில் நின்றுவிட்டது. கொடிகள் கம்பைத் தாண்டி மேலேறி, பலகையின் அடிப்பக்கம் முழுக்க வேர்க்கால்களைப் பதித்துப் படர்ந்திருந்தன. இழுத்தால் கொடியும் சேர்ந்து கிழியும்.

“இழுக்காதீங்க, அப்படியே புடிங்க!” டொறீன் ஸ்டூலொன்றை இழுத்துப் போட்டு ஏறினாள். நகத்தால் வேர்க்கால்களை ஒவ்வொன்றாகப் பலகையிலிருந்து பெயர்த்தாள். சில வந்தன. சில அறுந்து, பலகையிலேயே கறுத்த மயிர் போல ஒட்டிக்கொண்டன. உதிர்ந்த சிமெந்து கண்ணில் விழுந்தது. உள்ளே தொலைபேசி அடித்தது. ரொமேஷ் கூப்பிடும் நேரம். “டொறீன், மகன்!” என்றார் ரபாயேல். அவள் திரும்பவில்லை. அடித்துக்கொண்டேயிருந்தது. அவரும் எடுக்கவில்லை போலும்.

“கை வலிக்குதக்கா,” என்றார் பாஸ். பலகைக்கு அவர் இப்போது தலையாலும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். “ஆச்சா?”

“இன்னும் கொஞ்சம், நானா,” என்றாள் டொறீன், பெயர்த்தெடுத்த கொடியை ஒரு தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வேரைத் தேடியபடி.