கலியாணக் கட்டிலில் கறுப்பு

என் கலியாணக் கட்டிலுக்கான போர்வையை நானே தைத்தேன். கடைப் போர்வை இரண்டு கழுவலில் பல்லிளித்துவிடும். அதோடு, நான் கரம்பொனிலிருந்து நெடுந்தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறவள். எங்கள் வீட்டுத் துணிகளும் என்னோடு படகேறட்டுமே என்று ஒரு வீம்பு. அப்பா இடுப்பில் கட்டிக் கட்டி வெளிறிய சாரங்கள், சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது நான் போட்ட சட்டை, அம்மாவின் பழஞ்சேலைகள் எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டினேன். நடுவில் எட்டு முனை நட்சத்திரம் வரவேண்டும். அதற்கு அப்பாவின் சாரத்தை எடுத்தேன்.

முதல் தரம் பொருத்தியது எல்லாம் கலந்த கூழ்ப்பானைதான். நட்சத்திரத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை, வான்நீலம் என்று கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்திருந்தேன். கிட்ட நின்றால் அழகு. வாசலில் நின்று பார்த்தால் நட்சத்திரத்தையே காணவில்லை. போனில் படமெடுத்து, நிறத்தை நீக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே சாம்பல். நிறம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, ஒன்று வெளிறினால் மற்றது கடுக்கவேண்டும் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது.

எங்கள் வீட்டில் கடும் நிறம் ஒன்றுதான் இருந்தது. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு அம்மா ஒரு வருடம் உடுத்திய கறுப்புச் சேலைகள். ஆண்டுப் பூசை முடிந்து கறுப்புக் கழற்றினால் அதை எரிப்பார்கள், அல்லது யாருக்காவது கொடுப்பார்கள். அம்மா இரண்டும் செய்யாமல் அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். கேட்டேன், தந்தார். முன்பு வைத்ததையெல்லாம் பிரித்துக் கறுப்பைச் சுற்றிவர வைத்துத் தைத்தேன். நட்சத்திரம் பளிச்சென்று எழும்பியது.

கலியாணத்துக்கு முந்தின கிழமை, மாப்பிள்ளை ஜெகதீஸின் தாய் கத்தரீனா மாமி வந்தார். போர்வையைத் தொட்ட கையை உடனே இழுத்துக்கொண்டார்.

“இதென்ன பிள்ளை, துக்கச் சேலையோ?”

“ஓம் மாமி.”

“கலியாணக் கட்டிலிலையோ! இது என்ர வீட்டுப் படி ஏறாது. பிரிச்செறிஞ்சுபோட்டு வேற நிறம் வையும்.”

“வைச்சுப் பாத்தனான் மாமி. நட்சத்திரம் தெரியேல்லை.”

“தெரியாட்டி என்ன? ராசியெல்லோ வேணும்.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். “அன்ரனிட்டா, கோயிலிலை நீர் பின்னாலை, கடைசி வாங்கிலை இரும். பிள்ளையைப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வாறதுக்கு என்ர தமையனைச் சொல்லியிருக்கிறன்.”

“ஓம்” என்றார் அம்மா. சொன்னதோடு நில்லாமல் பிளேடை எடுத்து நூலை அறுக்கவும் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியின் வாயைவிட அம்மாவின் அந்த ‘ஓம்’தான் என்னைச் சுட்டது. ஒரு கறுப்புத் துண்டு கழன்று அம்மாவின் மடியில் விழுந்தது. போர்வையைப் பறித்து, உள்ளே கட்டியிருந்த துணிக்கொடியில் விரித்துப் போட்டேன்.

“மாமி, வாசலிலை போய் நிண்டு பாருங்கோ.”

முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றார். கறுப்புக் கழன்ற இடத்தில் அடித்துணியின் வெள்ளை தெரிந்தது. நட்சத்திரத்தின் ஒரு முனை அந்த வெள்ளையில் கரைந்து போயிருந்தது.

“ஒரு முனையைக் காணேல்லை” என்றார் மாமி. “அதுக்கென்ன?”

“அது அப்பான்ர சாரம். அம்மான்ர கறுப்பு பக்கத்திலை இல்லாட்டி என்ர அப்பாவைத் தெரியாது. ஒரு வருசம் அழுத பொம்பிளை என்ன குற்றம் செய்தவ, கடைசி வாங்கிலை ஒளிச்சிருக்க? இந்தப் போர்வை ஏறாத படியிலை நானும் ஏறமாட்டன். ஜெகதீஸிட்டையும் சொல்லுங்கோ. கோயிலிலை என்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறது என்ர அம்மாதான். உங்கட தமையனார் விரும்பினால் கடைசி வாங்கிலை இருக்கட்டும்.”

“உமக்கு வாய் நீளம், ஜசிந்தா.”

“விசாரிச்சுப்போட்டுத்தானே மாமி பொம்பிளை கேட்டு வந்தனீங்கள்?”

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. வாசல் நிலையைப் பிடித்தபடி, “அன்ரனிட்டா, நீராவது உம்மட பிள்ளைக்குச் சொல்லும்” என்றார்.

அம்மா பிளேடைக் கீழே வைத்தார். கொடியிலிருந்த போர்வையை இழுத்து மடியில் போட்டு, கழன்ற கறுப்புத் துண்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். ஊசியை எடுத்து, நூலின் நுனியை நாக்கில் நனைத்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லும், கத்தரீனா. வெளிச்சத்தை மறைக்கிறீர்.”